கடல் கடக்கும் முன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. அதனைப் பேசுவதற்கு நம்மினும் தகுதியுடையோர் இங்கே பலர் அமர்ந்துள்ளனர். நமக்கு ஒதுக்கப்பட்ட பொருள் வேறு. நம் படிப்பகத்திற்கு வரும் இளைஞர்கள் அண்மைக் காலமாக நம்மிடம் கேட்கும் வினாக்களுள் பெரும்பகுதி தேர்வைப் பற்றியது அன்று. "விசா வந்திருக்கிறது, போகலாமா?" "பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார், கேட்கலாமா?" "எத்தனை ஆண்டு இருந்தால் அங்கேயே நிரந்தரமாகத் தங்கலாம்?" இவைதாம் அவ்வினாக்கள். நாம் வழக்கறிஞர் தொழில் செய்வோர் அல்லோம். ஆயினும் இவ்வினாக்களுக்காகச் சட்டங்களைப் படித்தோம், அறிந்தோரிடம் கேட்டோம், போய்வந்தோர் பட்டதையும் கேட்டோம். அவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

வெளிநாடு செல்வது நம் மக்களுக்குப் புதிதன்று. நம் தெருக்களில் பாட்டன் பெயரைச் சொன்னால், அடுத்து "மலாயாக்காரர்" என்றோ "கண்டிச் சீமைக்குப் போனவர்" என்றோ ஓர் அடைமொழி வரும். கங்காணியின் பின்னே சென்று, நாகப்பட்டினத்திலே கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ரப்பர் மரத்திற்குப் பால் வெட்டச் சென்றவர்கள் அவர்கள். மண்டபம் முகாமில் அடைபட்டிருந்து தேயிலைத் தோட்டத்திற்குச் சென்றோரும் பலர். அவர்களுள் கணிசமானோர் நம் மக்களே. ஊரில் குடியிருக்கும் மனைக்கும் உரிமையில்லாதவன் கடல் கடந்தேனும் கூலி பெறலாம் என்று கிளம்பினான். அவனைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அவன் கையில் என்ன தாள் இருந்தது என்று மட்டும் இன்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் நிகழ்ந்ததை முதலிற் கூறுவோம். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனும் முப்பாட்டனுமோ அந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தைக்கு யார் பிறப்புப் பதிவு செய்தார்? தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள் ஒரே சட்டத்தால் எந்த நாட்டுக்கும் உரியரல்லாதவர் ஆயினர். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்றும் முடிவாயிற்று. மீதமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் இலங்கையில் நிறைவேறியது. நீலகிரியிலே கூடலூர், கோத்தகிரிப் பக்கம் சென்றால் அந்த ஒப்பந்தத்தின்படி வந்து சேர்ந்தோரின் பேரப்பிள்ளைகளை இன்றும் காணலாம்.

மலாயாவின் கதை வேறு வகை. அங்கே 1957-இல் விடுதலை வந்தபோது குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. விண்ணப்பிக்காமல் இருந்தவர் பலர். சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சிலருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை, சிலர், "இன்னும் இரண்டு ஆண்டில் ஊருக்குத் திரும்பப் போகிறோம், நமக்கேன் அது?" என்றிருந்தனர். குடிமகன் கையில் நீல அடையாள அட்டை. நிரந்தரவாசியின் கையில் சிவப்பு அடையாள அட்டை. இரண்டும் அட்டைதானே என்று நினைத்தார்கள். 1968-ஆம் ஆண்டில் குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய உத்தரவுச் சீட்டுப் பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அட்டைக்காரர்கள் பல்லாயிரவர் வேலை இழந்து, 'ரஜூலா' கப்பலிலே ஊர் திரும்பினர். அவ்வாறு திரும்பிய ஒரு முதியவரை எமது இளமையில் நாம் அறிவோம். அந்தச் சிவப்பு அட்டையை ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். "இருக்கலாம் என்று கொடுத்தார்கள், உழைக்கலாம் என்று கொடுக்கவில்லை" என்பார்.

அவர் கூறியதிலேயே இன்றைய பேச்சின் பொருள் அடங்கியுள்ளது. நுழைதல் ஒன்று, தங்குதல் ஒன்று, தொழில் செய்தல் ஒன்று, குடிமகனாதல் ஒன்று. நான்கும் வெவ்வேறு உரிமைகள். ஒன்றைப் பெற்றவன் மற்றொன்றையும் பெற்றுவிட்டதாக நினைக்கும் இடத்தில்தான் துன்பம் தொடங்குகிறது.

பாஸ்போர்ட் என்பது நம் நாடு நமக்குத் தருவது. இவர் எம் குடிமகன் என்று பிற நாட்டாருக்கு அது சொல்கிறது. விசா என்பது அந்த நாடு தருவது. வந்து வாயிலில் நிற்கலாம், இன்ன காரியத்திற்கு இத்தனை நாள் உள்ளே இருக்கலாம் என்பதே அதன் பொருள். எந்தக் காரியத்திற்கு என்று அதிலே எழுதியிருக்கும். இந்த ஒரு வரியைப் படிக்காமல் விமானம் ஏறியோர் நம் வட்டாரத்திலேயே உண்டு.

நம் தெருவைச் சேர்ந்த ஓர் இளைஞர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஓர் ஏஜெண்டு அவரிடம், "முதலில் விசிட் விசாவில் போ, அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றித் தருவார்கள்" என்றார். போனார். மாற்றவில்லை. மூன்று மாதம் கட்டட வேலை செய்தார், கூலி கேட்டபோது, "நீ இங்கே வேலை செய்யவே அனுமதியில்லாதவன், யாரிடம் போய்ச் சொல்வாய்?" என்றார்களாம். விசாக் காலம் கடந்த ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறியது. திரும்பி வர உறவினர் கூடிப் பணம் அனுப்ப வேண்டியதாயிற்று.

இதில் சட்டம் எங்கே வருகிறது என்று பாருங்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளர், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின், குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். இத்தகையோரின் பாஸ்போர்ட்டை 'இ.சி.ஆர்.' பாஸ்போர்ட் என்பர். வேலை ஒப்பந்தம் என்ன, சம்பளம் என்ன, முதலாளி யார் என்பதெல்லாம் அவ்வனுமதியின்போது பதிவாகின்றன. சுற்றிப் பார்க்கச் செல்பவருக்கோ அந்த அனுமதி வேண்டியதில்லை. இந்த இடுக்கின் வழியாகத்தான் ஏஜெண்டு நம் பிள்ளையை அனுப்பினார். தமக்கு அலைச்சல் மிச்சம் என்று அந்தப் பிள்ளையும் மகிழ்ந்தார். உண்மையிலே மிச்சமானது ஏஜெண்டின் பொறுப்பு. ஒப்பந்தம் எங்கும் பதிவாகவில்லை. பதிவில்லாத ஒப்பந்தத்திற்கு யாரைப் பொறுப்பாக்குவது?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த அனுமதி முறையைச் சிலர் இழிவாகக் கருதுகின்றனர். படித்தவன் நேரே போகிறான், படியாதவனை மட்டும் ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், பத்தாம் வகுப்புத் தேறினால் இந்தத் தடை நீங்கிவிடுகிறது என்பதை இந்தக் கல்விச் சங்கத்தின் மேடையில் நின்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. தேறாதவர்கள் மீண்டும் எழுதுங்கள். மாலை வகுப்பு இங்கேயே நடக்கிறது.

இனி ஏஜெண்டுகளைப் பற்றி. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் மத்திய அரசிடம் பதிவு செய்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றோர் பட்டியல் அரசின் 'இ-மைகிரேட்' இணையதளத்தில் உள்ளது. உரிம எண்ணைக் கேட்டு, அதிலே பொருத்திப் பார்க்கலாம். டீக்கடையில் உட்கார்ந்து, "நமக்குத் தெரிந்த ஆள் சென்னையில் இருக்கிறார்" என்று சொல்லும் இடைத்தரகருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. உரிமம் பெற்றவரும் தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர வேறு வாங்கலாகாது. அதற்கும் ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்கப்படுவதெல்லாம் சட்டத்திற்குப் புறம்பானது. தமிழக அரசே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னையில் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அங்கே சென்று விசாரித்த பின் ஏஜெண்டிடம் செல்வது நன்று. இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் செல்வோர் கட்டாயம் எடுக்க வேண்டிய காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ குடும்பத்திற்குப் பத்து லட்சம். இந்தச் சிறு தொகையைக் கட்டாமல் சென்றவர் உடல் திரும்பி வர, குடும்பம் வீடு வீடாகப் பணம் திரட்டியதை இங்குள்ளோரில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

அந்த இரண்டு லட்சம் எங்கிருந்து வருகிறது? இதைக் கேளாமல் விட நம்மால் முடியவில்லை. நகை போகிறது, கந்து வட்டி ஏறுகிறது, சில வீடுகளில் நிலப் பத்திரம் போகிறது. 1892-ஆம் ஆண்டின் அரசாணைப்படி நம் முன்னோர்க்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தை, முதல் பத்தாண்டுகள் எவருக்கும் விற்கலாகாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அல்லாதாருக்கு மாற்றலாகாது. அவ்வாறிருந்தும் விசாச் செலவுக்காக வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து அந்நிலத்தை மாற்றாரிடம் ஒப்படைத்தோர் உண்டு. அந்த மாற்றம் செல்லாது என்று வழக்காடலாம். ஆனால் வழக்காட வேண்டியவன் மணலில் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறான்.

வளைகுடா நாடுகளில் 'கஃபீல்' எனும் பொறுப்பாளர் பெயரிலேதான் வேலை விசா வரும். சவூதியில் அதன்படி தங்குவதற்கான அட்டையை 'இகாமா' என்பர். 'ஃப்ரீ விசா' என்று ஒன்றைப் புகழ்ந்து விற்கிறார்கள். அதன் உண்மை யாதெனில், ஒரு கஃபீல் தம் பெயரில் விசாவை விற்றுவிடுகிறார். வாங்கியவர் வேறொருவரிடம் வேலை செய்கிறார். பிடிபட்டால் குற்றம் வேலை செய்தவருடையது. கஃபீல் மனம் மாறி, "என் ஆள் ஓடிவிட்டான்" என்று புகார் கொடுத்தாலும் குற்றம் வேலை செய்தவருடையதே. இத்தகையோர்க்கு அவ்வப்போது பொது மன்னிப்புக் காலம் அறிவிக்கப்படுவதுண்டு; சவூதியில் 2013-இலும், அமீரகத்தில் 2024-இலும் அறிவித்தனர். அபராதமின்றி ஊர் திரும்ப அது ஒரு வாய்ப்பு. ஆனால் அதை நம்பி முறையின்றித் தங்குவது மழையை நம்பிக் கடன் வாங்குவதைப் போன்றதாகும்.

பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளலாமா என்ற வினாவுக்கு விடை எளிது. நம் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. அது உங்கள் கையில் இருக்கிறது. உங்களுடையதும் அன்று, உங்கள் முதலாளியுடையதும் அன்று. சிங்கப்பூரிலும் பிறர் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது குற்றம். சட்டம் இவ்வாறிருக்க, நடப்பு வேறாக இருப்பதை நாம் மறைக்கவில்லை. புதிதாகச் சென்றவன் முதல் நாளே மேலாளரிடம் சட்டப் பிரிவு பேச முடியாது. ஆகவே எல்லாப் பக்கங்களின் நகலையும் வீட்டில் ஒன்று, கையில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று என்று வைத்துக்கொள்க. பாஸ்போர்ட் பறிபோயினும் அதன் எண் தெரிந்திருந்தால் இந்தியத் தூதரகத்தில் நீங்கள் யார் என்று நிறுவ இயலும்.

சிங்கப்பூரைச் சொன்னோம். நம் தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து அங்கே செல்வோர் மிகுதி. புறப்படும் முன் 'ஐ.பி.ஏ.' என்று தொழிலாளர் வழங்கும் முன்னனுமதிக் கடிதம் வரும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதிலே எழுதப்பட்டிருக்கும். அதனைத் தொழிலாளியின் தாய்மொழியிலும் அனுப்ப வேண்டும் என்பது விதி. தமிழிலே வரும் அக்கடிதத்தைப் படிக்காமல் பையில் மடித்து வைத்துக்கொண்டு, வாய்ச்சொல்லை நம்பிச் செல்பவரை என்னென்பது! அதில் எழுதியுள்ள சம்பளத்தைத் தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம் இன்றிக் குறைக்க முதலாளிக்கு அதிகாரமில்லை. தொழிலாளிக்காக முதலாளி கட்டும் 5,000 வெள்ளிப் பிணைத்தொகையும், மாதந்தோறும் கட்டும் தீர்வையும் முதலாளியின் சுமையே. அவற்றை நம்மிடம் வசூலிப்பது குற்றம். அந்நாட்டு ஏஜெண்டுக்கும் ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்க உரிமையில்லை.

நிரந்தரவாசம் பற்றிய வினாவுக்கு வருவோம். இதனைக் கேட்கும்போது இளைஞர் முகத்தில் ஓர் ஒளி தோன்றுகிறது. அதனைக் குறைக்க மனம் வருந்தினும், உள்ளதைச் சொல்லியாக வேண்டும். வளைகுடாவில் கட்டடத் தொழிலாளியாகவோ ஓட்டுநராகவோ முப்பது ஆண்டு இருந்தாலும், இருந்த ஆண்டுகளின் கணக்கால் நிரந்தர உரிமை வாராது. அமீரகத்தின் 'கோல்டன் விசா' பத்தாண்டுக்கு என்பார்கள். அது முதலீட்டாளருக்கும் உயர் தொழில் வல்லுநர்க்கும் உரியது. சவூதி 2019-இல் கொண்டுவந்த காலவரையற்ற வாச உரிமைக்கு எட்டு லட்சம் ரியால் விலை வைத்தது. சிங்கப்பூரில் 'ஒர்க் பர்மிட்' உடையோர் நிரந்தரவாசத்திற்கு விண்ணப்பிக்கவே இயலாது; அடுத்த படிகளான 'எஸ் பாஸ்', 'எம்ப்ளாய்மெண்ட் பாஸ்' உடையோர்க்கே அவ்வழி உண்டு. இந்தப் படிகளுக்கு இடையே நிற்பது சம்பளமும் கல்விச் சான்றிதழுமே. ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடிக்காமல் அவசரப்பட்டுக் கிளம்பும் தம்பிகள், தாம் எந்த வரிசையில் போய் நிற்கப் போகிறோம் என்பதை இப்போதே அறிந்துகொள்வது நலம்.

நிரந்தரவாசம் பெற்றவரும் முழு நிம்மதி அடைந்துவிட முடியாது. சிங்கப்பூரின் நிரந்தரவாசி, மறுநுழைவு அனுமதி செல்லுபடியாகும் நிலையில் இல்லாமல் வெளியே தங்கினால் உரிமையையே இழக்க நேரும். அவருடைய ஆண்மக்கள் தேசிய சேவை ஆற்ற வேண்டும். அதனைச் செய்யாமல் விலகினால் பின்னாளில் அந்நாட்டுக் கதவு அவர்களுக்குக் கடினமாகும்.

அமெரிக்கா செல்லும் கனவுடைய பொறியியல் பட்டதாரிகளும் இங்குள்ளீர்கள். அங்கே 'எச்-1பி' விசா முதலில் மூன்று ஆண்டு, பின்னும் மூன்று ஆண்டு. 'கிரீன் கார்டு' எனும் நிரந்தரவாசம் வேலையின் வழியே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 பேருக்கு. ஒரே நாட்டில் பிறந்தோர்க்கு அதிலே நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லை. நம் நாட்டினர் வரிசையோ மிக நீண்டது. வரிசையில் நிற்கையிலேயே பிள்ளைகள் 21 வயதைக் கடந்து, தந்தையின் விண்ணப்பத்திலிருந்து வெளியேற்றப்படுவதும் உண்டு. வேலை போனால் அறுபது நாளில் வேறு முதலாளியைத் தேட வேண்டும். இதிலே நம் சமுதாயத்தார்க்குத் தனியாக ஒரு வலி உண்டு. மேலதிகாரி நம் நாட்டவராகவே இருந்து, பெயரையும் ஊரையும் துருவிக் கேட்டு, சாதியை அறிந்து இழிவு செய்தால், தங்கும் உரிமையே அந்த வேலையில் தொங்கும் ஒருவர் எப்படிப் புகார் செய்வார்? 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களுள் அதுவே முதல். அத்தகைய சட்டத்தின் துணையோடு பேச முன்வருவோர் பெரும்பாலும் விசாவின் பிடியிலிருந்து விடுபட்டவர்களாக இருப்பதில் வியப்பில்லை.

நிரந்தரவாசம் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடுமா என்று ஒருவர் எழுத்து மூலம் கேட்டுள்ளார். போகாது. நிரந்தரவாசி இந்தியப் பாஸ்போர்ட்டையே வைத்திருப்பார். 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேர்க்கலாம்; வாக்களிக்க மட்டும் ஊருக்கு நேரில் வர வேண்டும். அயல்நாட்டுக் குடியுரிமையைத் தாமே விரும்பிப் பெறும் நாளில்தான், 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, இந்தியக் குடியுரிமை நீங்குகிறது. பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும், வைத்திருப்பது குற்றம். அதன் பின் பெறும் 'ஓ.சி.ஐ.' அட்டையை இரட்டைக் குடியுரிமை என்று நம்மவர் சிலர் சொல்லிக்கொள்கின்றனர், அது தவறு. அந்த அட்டையைக் கொண்டு வாக்களிக்க இயலாது. விவசாய நிலம் வாங்க இயலாது. 2021-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, இந்தியக் குடிமக்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட கல்லூரி இடங்களில் அவ்வட்டை உடைய பிள்ளைகள் சேரவும் இயலாது. நாம் நெடுங்காலம் போராடிப் பெற்ற ஒதுக்கீட்டு உரிமையும் அவ்வாறே அவர்களை விட்டு நீங்குகிறது. குடியுரிமை மாறுவது பிழை என்று நாம் கூற வரவில்லை. மலாயாவில் சிவப்பு அட்டையோடு நின்றவர்களை எண்ணினால், வாழும் நாட்டில் முழு உரிமை பெறுவதே அறிவுடைமை என்றும் தோன்றுகிறது. எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்பது தெரிந்து கையெழுத்திட வேண்டும்; அவ்வளவே.

பெண்கள் குறித்துச் சுருக்கமாக ஒன்று. இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்கு அந்த 18 நாடுகளுக்குச் செல்லும் பெண்களுக்கு முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும்; அவர்களைச் சேர்க்கும் பொறுப்பு அரசு சார்ந்த நிறுவனங்களுக்கே உண்டு. தனியார் ஏஜெண்டு எவரேனும் வீட்டு வேலை விசா என்று வந்தால், அந்த இடத்திலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

நம் படிப்பகத்தில் வரும் மாதம் முதல் ஞாயிறுதோறும் மாலையில் உறுப்பினர் இருவர் அமர்ந்திருப்பர். விசா, ஒப்பந்தம், முன்னனுமதிக் கடிதம் எதுவாயினும் கொண்டு வந்தால் வரிவரியாகப் படித்துப் பொருள் சொல்வர்; ஏஜெண்டின் உரிம எண்ணையும் பார்த்துச் சொல்வர். கட்டணம் இல்லை. பணம் கட்டிய பின் வராமல், கட்டுவதற்கு முன் வாருங்கள்.